சட்டைப்பைக்கு வந்த ஊசிச் சீட்டு

முன்பொரு சமயம், ஒரு காக்கிச் சட்டையின் பையில் ஒரு சிகரெட் பெட்டி குடியிருந்தது. பெட்டியின் மேல் ஓர் எச்சரிக்கைப் படம் இருந்தது. அழுகிய வாயைக் காட்டி, நாள் முழுக்கக் கத்துவதுதான் படத்தின் வேலை. பழைய பெட்டி போய்ப் புதுப் பெட்டி வந்தாலும் கத்தல் மட்டும் மாறவில்லை. கேட்டுக் கேட்டுப் பெட்டிக்கும் பழகிவிட்டது, சட்டைக்காரருக்கும் பழகிவிட்டது.

சட்டைக்காரர் பெயர் சிகாமணி. வயது ஐம்பத்தொன்று. திருப்பூரில் பனியன் மூட்டை ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். போன ஐப்பசி மழையில் நிமோனியா வந்து பதினெட்டு நாள் படுத்துவிட்டார். இன்னொரு தடவை வந்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த ஐப்பசிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரியில் கொடுத்த, நாலாக மடித்த சீட்டு ஒன்று அந்தப் பைக்குள் வந்து விழுந்தது.

“யாரது புதுசா?” என்றது பெட்டி.

“தடுப்பூசிச் சீட்டுங்க. ஒன்று நிமோனியாவுக்கு. இன்னொன்று ஃப்ளூ காய்ச்சலுக்கு, அதை வருஷா வருஷம் போட்டுக்கொள்ள வேண்டும்.”

பெட்டி விழுந்து விழுந்து சிரித்தது. “தடுப்பூசியா? ஆளுக்கு மீசை நரைத்துவிட்டது. தொட்டிலும் வாங்கி வந்தாயா?”

படம் சிரிக்கவில்லை. கோபப்பட்டது. “எதற்கு இந்த ஆளுக்கு ஊசி? எட்டு வருஷமாகக் கத்துகிறேன். ஒரு நாள் கேட்டிருப்பாரா? என் முகத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு பற்றவைக்கிறார். பிடித்தவர் அனுபவிக்கட்டும்.”

“புகை போய்ப் போய்த்தானே அவர் நெஞ்சில் காவல் குறைந்திருக்கிறது? காவல் குறைந்த வீட்டுக்குத்தானே பூட்டு வேண்டும்?” என்றது சீட்டு. “திருடனே வரமாட்டான் என்று நான் சொல்லவில்லை. வந்தாலும் வீட்டைக் காலி பண்ணிவிடக் கூடாது, அவ்வளவுதான்.”

“கதவைத் திறந்து போட்டவருக்குப் பூட்டு ஒரு கேடா?” என்றது படம்.

பெட்டி கைதட்டியது. இப்படிக் கேட்பவர்களுக்கு எப்போதுமே கைதட்டல் கிடைத்துவிடுகிறது. பதில் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

வியாழன் காலை, பேக்கரியில் டீக்கு நின்றபோது சிகாமணி சீட்டை எடுத்துப் பிரித்தார். கூட வண்டி ஓட்டும் மயில்சாமி எட்டிப் பார்த்தார்.

“ஏப்பா சிகாமணி, உனக்கா ஊசி? அப்படியே ரெண்டு சொட்டு போலியோ மருந்தும் குடிச்சுட்டு வா. விரல்ல மை வெச்சு அனுப்புவாங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிகாமணியும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஊசிக்கென்னப்பா பயம்? போனா, சிகரெட்ட விட்டயான்னு கேப்பாங்க. விடலீன்னு சொல்லோணும். நாலு பேரு முன்னால வாங்கிக் கட்டிக்கோணும். அதுக்குப் போகாமயே இருந்துக்கலாம்.”

சீட்டைக் கசக்கிப் பைக்குள் திணித்தார்.

பெட்டி படத்தைச் செல்லமாக இடித்தது. “கேட்டாயா கூட்டாளி?”

“யாருக்கு யார் கூட்டாளி?”

“நீதான் எனக்கு. நீ திட்டத் திட்ட ஆள் ஆஸ்பத்திரிப் பக்கம் போகக் கூசுகிறார். கூசினால் யாரிடம் வருவார்? என்னிடம்தான். இத்தனை நாள் நீ யாருக்கு வேலை பார்த்தாய் என்று நினைத்தாய்?”

படம் சீட்டின் பக்கம் திரும்பியது. “உன் மேல் என்னதான் எழுதியிருக்கிறது? மிரட்ட ஏதாவது உண்டா?”

“ஒன்றுமில்லை. வியாழன் பத்து மணி. சாப்பிட்டுவிட்டே வரலாம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அப்படியானால் என் முகத்தின் மேல் ஒட்டிக்கொள்” என்றது படம். “நான் மறைந்தால் மறைந்துவிட்டுப் போகிறேன்.”

சிகாமணி அடுத்த சிகரெட்டுக்குப் பெட்டியை எடுத்தார். வழக்கம்போல் கட்டைவிரல் படத்தை மூடப் போனது. அங்கே படம் இல்லை. கசங்கிய சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணில் பட்டது கடைசி வரி மட்டும்தான்.

“சாப்பிட்டுட்டே வரலாமாமா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரி என்றாலே வெறும் வயிறு என்றுதான் அவருக்குத் தெரியும். மணி ஒன்பதே முக்கால். இரண்டு இட்லி அப்போதுதான் உள்ளே போயிருந்தது. வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார்.

ஊசி அறையில் நர்ஸ் சீட்டை வாங்கிக்கொண்டு கேட்டார். “சிகரெட் பிடிப்பீங்களா?”

“பிடிப்பேனுங்க.” சிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். “இன்னும் விடலீங்க.”

“அதனாலதானுங்ண்ணா உங்களைக் கண்டிப்பா வரச் சொன்னது. சட்டைக் கையை மடக்குங்க.”

அவர் காத்திருந்த திட்டு வரவேயில்லை. இரண்டு ஊசியும் ஏறி இறங்கின. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி நர்ஸ் சொன்னார். “அதை விடறதுக்கும் இங்க ஆள் இருக்குதுங்ண்ணா. எப்பத் தோணுதோ, வாங்க.”

எட்டு வருஷமாகத் தன் மேல் ஒட்டியிருந்த சாவைப் பார்த்து ஒரு நாளும் பயப்படாத பெட்டி, அந்த ‘வாங்க’வைக் கேட்டு நடுங்கிப்போனது.