பதினெட்டு தாண்டிய டேங்க்

கோணங்குளத்துக்காரர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. சொன்ன சொல்லைத் தட்டமாட்டார்கள், அவ்வளவுதான். அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அந்த ஒரு நல்ல குணத்தால் வந்ததுதான்.

ஊருக்கென்று செல்போனில் ஒரு குரூப் இருந்தது. ‘கோணங்குளம் பேசுகிறது’ என்று பேர். அட்மின், மாவு மில் தவசிக்கண்ணு. ஐம்பத்திரண்டு வயசு. மீசை நிறைய மாவு, மனசு நிறையப் பொறுப்பு. ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குரூப்பை நடத்தும் கம்பெனியிலிருந்து அவருக்கு ஓர் உத்தரவு வந்தது. பதினெட்டு வயசு ஆனதற்குச் சான்று காட்டியவர்கள்தான் இனி குரூப்பில் பேசலாம். சான்று இல்லாதவர்களைச் சிறுவர்களாகவே கருத வேண்டும். யார் மனமும் புண்படும்படி ஒரு சொல்லும் வரக்கூடாது. மீறினால் குரூப்பையே மூடிவிடுவார்கள்.

தவசிக்கண்ணு அதை மூன்று தரம் வாசித்துவிட்டு மில்லை நிறுத்தினார். மிஷின் ஓடும்போது அவருக்கு யோசனை ஓடாது. கையோடு ஒரு கமிட்டியும் போட்டார். கமிட்டி என்றால் அவர், ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்த நல்லபெருமாள், நாலு வயசு இளையவரான சங்கிலிபூதம், ஆக மூன்று பேர்.

கமிட்டி உட்காரக்கூட இல்லை, தவசிக்கண்ணுவின் அப்பா பேச்சிமுத்து ஓடி வந்தார். எண்பது தாண்டிய மனுஷன், மூச்சு வாங்கியது.

“ஏலே தவசி! நம்ம எருமையக் காணோம்லே! இன்னைக்கோ நாளைக்கோ ஈனப்போற உசுரு. எந்தப் பள்ளத்துல விழுந்து கெடக்கோ! சட்டுனு குரூப்புல போடுலே.”

அந்த எருமையை அப்பா பிள்ளை மாதிரி வளர்த்தது தவசிக்கண்ணுவுக்குத் தெரியாதா? ஆனாலும் உத்தரவு உத்தரவுதானே.

“போட்டுரலாம்பா. வயசுச் சான்று குடுங்க.”

“யாருக்கு, எனக்கா?”

“உங்களுக்குத்தான். ஆதார் கார்டு எங்க?”

“அதைத்தான் போன மாசம் எருமை தின்னுட்டுல்லா.”

“அப்போ சான்று எருமை வயித்துல இருக்கு,” என்றார் நல்லபெருமாள். “எருமையக் கூட்டிட்டு வாரும் மாமா.”

“எருமையத்தாம்லே காணோம்!”

“அதைத்தான் குரூப்புல போடணும்ங்கோம். போடுறதுக்குத்தான் சான்று கேக்கோம்.”

பெரியவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

சான்று இல்லாததால் பேச்சிமுத்து சிறுவர் என்று கமிட்டி எழுதிக்கொண்டது. அவர் அதற்கெல்லாம் கோபப்படவில்லை. ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார்.

“அப்போ இந்த முழங்கால் வலி?”

“வளர்ற வயசுல்லா மாமா, வரத்தான் செய்யும்.”

“சரிப்பா, நானே போட்டுருதேன்,” என்று தவசிக்கண்ணு தன் ஆதார் கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். சங்கிலிபூதம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் பேச்சிமுத்துவைப் பார்த்தார். மறுபடி கார்டைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீரும். அப்பாவுக்குப் பதினெட்டே ஆகல. மகனுக்கு ஐம்பத்திரண்டா? எந்த ஊர்லயாவது அப்பனுக்கு மூத்த மகன் உண்டா?”

தவசிக்கண்ணு கண் கலங்க, “நானும் சின்னப் பையன்தான்வே,” என்று ஒத்துக்கொண்டு அட்மின் பதவியை அங்கேயே ராஜினாமா செய்தார்.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்ததால் நல்லபெருமாளும் சிறுவர் ஆனார். நாலு வயசு இளையவர் சங்கிலிபூதம், அவரைக் கேட்கவே வேண்டாம். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று ஊரே சொந்தம் ஆனதால், மத்தியானத்துக்குள் ஊர் மொத்தமும் பதினெட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. டீக்கடை ஞானம்மா விஷயத்தைக் கேள்விப்பட்டதும் டீ போடுவதை நிறுத்திவிட்டு எல்லாருக்கும் பால் ஆற்றிக் கொடுத்தாள்.

“பதினெட்டு தாண்டுன ஆளே இந்த ஊர்ல கெடையாதா? என் எருமை என்னடா ஆகும்?” பேச்சிமுத்து தலையில் கைவைத்து அழுதார்.

சங்கிலிபூதம் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். ஊருக்கு நடுவில் தண்ணி டேங்க் நின்றது. அதன் வயிற்றில் நாலு தெருவுக்கும் தெரிகிற எழுத்தில், ‘கட்டிய ஆண்டு 1987’.

“இதுக்கு மேல என்னவே சான்று வேணும்?”

நாலு பேரும் செல்போனை எடுத்துக்கொண்டு டேங்குக்குப் போனார்கள். போய்ச் சேர்ந்ததும் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்கள். இருக்கிறதிலேயே மூத்தவர் இல்லையா! புது அட்மினாக இருந்து குரூப்பை நடத்தித் தரும்படி தவசிக்கண்ணு கேட்டுக்கொண்டார். டேங்க் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. தூணுக்குப் பின்னால் நிழலில் கறுப்பாக, மேடாக ஏதோ கிடந்தது. நல்லபெருமாள் அதன்மேல் வாகாகச் சாய்ந்துகொண்டார்.

பேச்சிமுத்து சொல்லச் சொல்ல தவசிக்கண்ணு எழுதினார். ‘என் எருமையைக் காணவில்லை. கறுப்பு நிறம். கொம்பு கோணல். நிறைசினை.’

“எருமைங்கிறதை எடுத்துரும்,” என்றார் சங்கிலிபூதம். “எங்க வாத்தியார் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். இன்னமும் வலிக்கு.”

“கறுப்பையும் எடும். கறுப்புன்னாலே ஊரு என்னைத்தான் பாக்கும்,” என்றார் நல்லபெருமாள்.

“கொம்பு கோணல்னு ஒருத்தர் குறையைச் சொல்லலாமா?”

“நிறைசினையா? குரூப்பு பூரா சின்னப் பிள்ளைகள்வே!”

“‘என்’னும் வேண்டாம். ஒண்ணுமே இல்லாதவன் வாசிச்சா மனசு நோகாதா?”

எல்லாவற்றையும் அடித்தபிறகு ‘காணவில்லை’ என்பது மட்டும் மிஞ்சியது. அதில் யார் மனமும் புண்பட வழியில்லை என்று கமிட்டி ஒருமனதாகச் சொன்னது.

அனுப்ப வேண்டியவர் அட்மின். அட்மினுக்கு விரல் இல்லை. அதனால் தவசிக்கண்ணு செல்போனைத் தூணில் வைத்து ஓங்கி அழுத்தினார். ‘டப்’ என்று ஒரு சத்தம். செய்தி போய்விட்டது. செல்போனும் போய்விட்டது.

அந்தச் சத்தத்தில் நல்லபெருமாள் சாய்ந்திருந்த மேடு எழுந்து நின்றது. அதன் காலடியில் ஈரம் காயாத ஒரு கன்று.

“அட என் தாயீ!” பேச்சிமுத்து எருமையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். தவசிக்கண்ணுவும் அழுதார். எல்லாருக்கும் உசுரு வந்த மாதிரி இருந்தது.

அதற்குள் ஊரே கம்பும் கயிறுமாக ஓடி வந்தது.

“குரூப்புல பாத்தோம். என்னத்தக் காணோம்?”

“சொல்லக்கூடாது,” என்றார் சங்கிலிபூதம்.

“சரி,” என்று எல்லாரும் நாலு திசையிலும் தேடப் போனார்கள்.

“கெடைச்சிட்டுன்னு சொல்லிருவோமாடே?” என்று பேச்சிமுத்து மெதுவாகக் கேட்டார்.

“யார் சொல்லுறது? நமக்கு வயசு காணாதுப்பா,” என்றார் தவசிக்கண்ணு. “அட்மின்தான் சொல்லணும்.”

நாலு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அட்மின் ஒன்றும் சொல்லவில்லை.

“அப்போ இன்னும் காணோம்னுதான் அர்த்தம்,” என்றார் நல்லபெருமாள்.

பேச்சிமுத்து மறுபடியும் தலையில் கைவைத்தார். ஊரே தனக்காக வெயிலில் அலையும்போது தான் மட்டும் வீட்டுக்குப் போனால் நன்றாகவா இருக்கும்? எருமையின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு அவரும் தேடக் கிளம்பினார். கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு தவசிக்கண்ணு பின்னால் நடந்தார்.

ஒவ்வொரு புதராக விலக்கி அப்பாவும் மகனும் குனிந்து பார்த்தார்கள். நடுவில் எருமையும் தலையை நுழைத்துப் பார்த்தது.

“இங்கயும் இல்லலே,” என்றார் பேச்சிமுத்து.