வெயிலுகந்தாள் நல்லாயிருந்த நாள்

"தாயி, ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"ஏட்டுல இயல்புன்னு ஒரே ஒரு சொல்லுதான் இருக்கு. நோய் இல்லாத உடம்பு இயல்பான உடம்பு. அதோட முடிஞ்சது. இங்க வாரவங்ககிட்ட எப்படி இருக்கீங்கன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. ஒருத்தர் சும்மா இருக்கேன்ங்காரு. ஒருத்தி பரவாயில்லைங்கா. இன்னொருத்தி ஏதோ இருக்கேன்ங்கா. எல்லாம் ஒண்ணுதானே? எல்லாத்துக்கும் சாதாரணம்னு ஒரே பேரா வச்சுட்டு வேலையைப் பாத்தா என்ன?"

இப்படிக் கேட்டவர் கோமதிநாயகம். தலை முழுக்க நரைத்தவர். மருந்து ஏடுகளையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு, வைத்தியம் கற்க மலையடிவாரத்துக்கு வந்தவர்.

குரு உலகம்மை அவருக்கு மகள் வயசு. அதில் அவருக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. வருத்தம் வேறே. இன்னும் ஒரு நோயாளியின் கையைத் தொட அவருக்கு உத்தரவு கிடைக்கவில்லை.

அந்த வைத்தியசாலையில் முறை அப்படி. சீடன் முதலில் வாசலில் உட்கார வேண்டும். வருகிறவர்களை எப்படி இருக்கீங்க என்று கேட்க வேண்டும். நாடி பிடிக்கிறதெல்லாம் அப்புறம்தான்.

உலகம்மை மருந்து அரைக்கிற கையை நிறுத்தவில்லை.

"வெளிய கொத்தனார் உக்காந்திருக்காரே, என்ன சொன்னாரு?"

"இருக்கேன்னாரு."

"வெறும் வயித்தோட வந்திருக்காரு. கூழ் குடுங்க. பக்கத்துல அந்தப் பிள்ளை?"

"பரவாயில்லைன்னு சொல்லிச்சு."

"அழுதிருக்கும். கூட்டத்துல வச்சு ஒண்ணும் கேக்காதீங்க. உள்ள கூட்டிட்டு வாங்க."

கோமதிநாயகம் போய்ப் பார்த்தார். கொத்தனார் கூழை மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்தார். அந்தப் பெண்ணுக்குக் கண் ரெண்டும் வீங்கியிருந்தது.

"முகத்தைக்கூடப் பாக்கலையே தாயி. எப்படி?"

"காது இருக்குல்லா அண்ணாச்சி."

"எனக்குந்தான் இருக்கு" என்று முனகிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

உச்சிப்பொழுதில் கூட்டம் கரைந்தது. உலகம்மை ஒரு கிழவரின் நாடியைப் பிடித்தபடி கேட்டாள்.

"வேற யாரும் வந்தாங்களா?"

"கருவாடு விக்கிற வெயிலுகந்தாள் வந்தா. அவளுக்கு ஒண்ணுமில்லை. அனுப்பிட்டேன்."

"என்ன சொன்னா?"

"நல்லாயிருக்கேன் அய்யான்னா. நல்லாயிருந்தா வீட்டுக்குப் போம்மான்னேன். சரின்னு போயிட்டா."

உலகம்மை கிழவரின் கையை மெதுவாகக் கீழே வைத்தாள். எழுந்தாள். செருப்பைக்கூடத் தேடவில்லை. வெயிலில் இறங்கி நடந்தாள்.

கோமதிநாயகம் பின்னாலேயே ஓடினார்.

"என்ன தாயி? நல்லாயிருக்கேன்னுதானே சொன்னா? நல்ல வார்த்தைதானே?"

"மத்தவங்களுக்கு."

கொஞ்ச தூரம் போய்க் கேட்டாள். "சத்தம் போட்டாளா?"

"இல்லையே. மெதுவாத்தான் பேசினா."

"உங்களை ஏதாவது ஏசினாளா?"

"சேச்சே. மரியாதையாப் பேசினா."

"மரியாதையாவா?"

அதற்கு மேல் உலகம்மை நடக்கவில்லை. ஓடினாள்.

வாய்க்கால் கரையில் புன்னை மரத்தடியில் வெயிலுகந்தாள் கிடந்தாள். கூடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தொட்டால் உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை.

ரெண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஈரத்துணி போட்டார்கள். உலகம்மை கஷாயத்தைச் சங்கில் எடுத்துப் புகட்டினாள். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது.

கோமதிநாயகம் சுவரோரமாக நின்றார்.

"நான்தான் தாயி வாசல்லயே அனுப்பிட்டேன். பொழைச்சுக்கிடுவாளா?"

உலகம்மை அவரைக் கூப்பிட்டுப் பாய் பக்கத்தில் உட்கார வைத்தாள். வெயிலுகந்தாளின் மணிக்கட்டை எடுத்து அவர் விரலுக்குக் கீழே வைத்தாள்.

அவர் தவங்கிடந்து கேட்ட உத்தரவு அது. இப்படிக் கிடைக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

"என்ன தெரியுது?"

"தலைதெறிக்க ஓடுது தாயி. ஏட்டுல சொல்லியிருக்க அளவே இல்லை."

"ஏடு கிடக்கட்டும். இவ நாடி எப்படி ஓடும்?"

கோமதிநாயகம் யோசித்தார். எத்தனையோ நாள் அந்த வாசலைத் தாண்டிக் கத்திக்கொண்டு போயிருக்கிறாள். அவள் சத்தத்துக்குப் பயந்து அவர் ஏட்டுக்குள் முகத்தை வைத்துக்கொள்வார்.

"தெரியலை தாயி."

"அப்ப விடாதீங்க" என்று சொல்லிவிட்டு உலகம்மை அடுப்படிக்குப் போனாள்.

அவர் விடவில்லை. நிழல் வாசலைத் தாண்டி முற்றத்துக்கு நீண்டது. விரலுக்குக் கீழே அந்த ஓட்டம் முட்டியது, தடுக்கியது, ஒரு சமயம் இல்லாமலே போனது மாதிரி இருந்தது. அவர் விரலை இன்னும் அழுத்தினார். பிறகு எங்கிருந்தோ திரும்பி வந்தது. சாயங்காலம் அவள் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. ஓட்டம் நடையானது.

வெயிலுகந்தாள் கண்ணை உருட்டிப் பார்த்தாள்.

"எவன்வே அது என் கையைப் பிடிச்சிட்டு இருக்கவன்? நரைச்ச பெறகும் ஆசை விடலையோ?"

கோமதிநாயகம் வாயைத் திறந்தார். அவள் விடுவதாக இல்லை.

"வாயெல்லாம் கசக்கு. என்னத்தவே ஊத்துனீரு, கழுதை குடிக்குமா இதை? முதுகு போச்சு. கால் போச்சு. இந்தப் பாயை விரிச்ச கையில கட்டி மொளைக்க. என் கூடை எங்க? நெத்திலியில ஒண்ணு கொறைஞ்சாலும் குருவையும் விடமாட்டேன், சீடனையும் விடமாட்டேன், சொல்லிட்டேன்."

அடுப்படியிலிருந்து உலகம்மை குரல் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, எப்படி இருக்கா?"

அவர் கையை எடுக்கவில்லை. ஏச்சு முழுவதையும் கடைசிச் சொல் வரைக்கும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எப்பவும் போல இருக்கா, தாயி."