நாலு காது ஜாடி

"டீச்சர், ஒரு மாசமா தொட்டியில தண்ணி மட்டும்தான் மாத்துறேன். பானைக்கு வயசு கண்டுபிடிக்க எப்ப சொல்லித் தருவீங்க?"

கேட்டவர் சவேரியான். ஐம்பத்தாறு வயது. முப்பது வருடம் சங்கு குளித்தவர். கீழக்கரைக்குத் தெற்கே கடலடியில் கிடந்த பழைய கப்பலை முதலில் கண்டவர் அவர்தான். அதிலிருந்து எடுத்த பாண்டங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தானாகவே இந்த ஆய்வுக்கூடத்தில் வந்து சேர்ந்திருந்தார்.

அவர் டீச்சர் என்றது பல்கீஸை. பல்கீஸுக்கு முப்பத்து நான்கு வயது. கடலில் கிடைக்கும் பானை, ஜாடிகளுக்குக் காலம் சொல்வது அவர் வேலை.

"இன்னைக்கு மாத்தியாச்சா?" என்றார் பல்கீஸ்.

"மாத்தியாச்சு."

"நாக்குல வச்சுப் பார்த்தீங்களா?"

"லேசா கரிக்குது."

"அப்ப நாளைக்கும் மாத்துங்க அண்ணே. உப்பு உள்ளேயே இருந்தா, காயும்போது பானை வெடிச்சிரும்."

சவேரியான் வாளியை எடுத்தார்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. அலமாரியில் இருந்த படப் புத்தகங்களை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புரட்டினார். வாய் எப்படி, அடி எப்படி, மேல் பூச்சு என்ன நிறம். இரண்டு வாரத்தில் இருபது புத்தகங்கள் முடிந்தன.

ஒரு நாள், தொட்டியில் கிடந்த பெரிய பழுப்பு ஜாடியைக் காட்டினார். அதன் தோளில் கயிறு கட்ட நாலு காதுகள்.

"சீன ஜாடி. எண்ணூறு வருஷம்."

பல்கீஸ் சுற்றி வந்து பார்த்தார்.

"சரிதான்."

அன்று சாயங்காலமே சவேரியான் படகுத் துறைக்குப் போய், நம்ம கப்பலுக்கு எண்ணூறு வயசு என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அவரைத் தோளில் தூக்காத குறைதான்.

மறுநாள் காலையில், ஜாடிக்குள் இறுகியிருந்த சேறு இளகிக் கொடுத்தது. கரண்டி கரண்டியாக அள்ளினார். அடியில் ஆறு சின்னக் கிண்ணங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியபடி.

ஒன்றைக் கழுவினார். வெள்ளையில் நீலப் பூ.

அவர் கை நின்றுவிட்டது.

"டீச்சர், இந்தப் பூவை அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி யாரும் போடலையே."

"ஆமா."

"அப்ப கப்பல்?"

பல்கீஸ் அடுத்த கிண்ணத்தைக் கழுவ எடுத்தார்.

"செய்யாத கிண்ணத்தைக் கப்பல்ல ஏத்த முடியாது." சவேரியான் முக்காலியில் உட்கார்ந்தார். "கப்பலுக்கு அறுநூறுதான். துறை பூரா சொல்லிட்டேன், டீச்சர்."

"ம்."

"ஜாடிக்கு நான் சொன்னது தப்பா?"

"சரிதான்."

"கிண்ணம்?"

"அதுவும் சரிதான்."

"ரெண்டுக்கும் இருநூறு வருஷம் இடிக்குதே."

பல்கீஸ் ஜாடியை மெல்ல அவர் பக்கம் திருப்பினார்.

"இந்தக் காதோட உள்பக்கம் என்ன இருக்குன்னு சொல்லுங்க."

சவேரியான் மூக்குக் கண்ணாடியைத் தேடினார்.

"கண்ணாடி வேணாம். தண்ணி கலங்கிக் கிடந்தா சங்கை எப்படி எடுப்பீங்க?"

"தடவித்தான்."

"அப்படியே பாருங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டார். உள்ளே மேல் பூச்சு இல்லை. வழவழவென்று ஒரு பள்ளம். அடுத்த காதிலும் அதே பள்ளம். மூன்றாவதிலும், நான்காவதிலும்.

வெகுநேரம் தடவினார்.

"கயிறு," என்றார்.

"நிச்சயமாவா?"

"கயிறுதான். எங்க வள்ளத்துல நங்கூரக் கயிறு ஓடுற வளையம் இருக்கு. இரும்பு. பத்து வருஷம் ஓடி, நகத்தளவுதான் தேஞ்சுது. இது அதைவிட ஆழம். ஒரு பயணத்துல, ரெண்டு பயணத்துல இவ்வளவு தேயாது."

கண்ணைத் திறக்கவில்லை. முகம் மட்டும் மலர்ந்துகொண்டே வந்தது.

"ஒருத்தன் கட்டித் தூக்கியிருக்கான். அப்புறம் அவன் மகன். அப்புறம் யார் யாரோ. எத்தனை கப்பல்ல ஏறி எறங்கிச்சோ. இருநூறு வருஷம், டீச்சர். ஒருத்தன்கூட இதைக் கீழே போடலை."

சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணோரத்தைத் தோள்துண்டால் துடைத்துக்கொண்டார்.

பிறகு சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்.

"இது உங்களுக்கு முதல்லயே தெரியும்தானே?"

"தெரியாது, அண்ணே. அந்தப் பள்ளம் மணல் அரிச்சதுன்னு எழுதி வச்சிருந்தேன்."

பல்கீஸ் நோட்டைத் திறந்து அந்த வரியை அடித்தார். பேனாவை அவரிடம் நீட்டினார்.