கஞ்சி இருக்கும் இடம்

மடத்தில் ஒரு கணினி இருந்தது. அதைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போய், திருநீறு பூசிக்கொண்டு திரும்பி வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதோடு மல்லுக்கட்டுவது மருதவாணனின் வேலை. அவர் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கோபம் மட்டும் இன்னும் பணியில் இருந்தது.

அன்று காலை அவர் சிற்றம்பல அடிகளிடம் போய் நின்றார். அடிகளுக்கு அவர் மகன் வயதுதான். ஆனாலும் குரு குருதானே.

“சாமி, பொறுமையப் பத்தி நீங்க பேசுனது அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஒரு சொல் விடாம ஒப்பிப்பேன். பொறவு ஏன் எனக்கு இப்படி எரிச்சல் வருது?”

“இப்ப யார் மேல?”

“அந்தக் கம்ப்யூட்டர் மேலதான். உயிர வாங்குது. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா விண்டோஸ் போட்டாத்தான் சரிப்படும்.”

கேள்வியை அடிகள் அப்படியே விட்டுவிட்டார்.

“அதுலதான ஓதுவார் பாடுனது பூராவும் இருக்கு?”

அதில்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை. ஓதுவார் ஆவுடையப்பனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆகிவிட்டது. இனிப் பாட முடியாது, பேசவும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காலையில் மடத்து ஒலிபெருக்கியில் கேட்கும் பதிகங்கள்தான் அவர் குரலில் மிச்சம். முற்றத்துக்கு எதிர்ப்புறம் இருக்கும் தன் அறையில் உட்கார்ந்து அவரும் கேட்பார். உதடு மட்டும் கூடவே அசையும்.

“மொதல்ல அதப் பத்திரமா எடுத்து வையும். அழிக்கிறதப் பொறவு பாப்போம்” என்றார் அடிகள்.

மருதவாணன் போனார். அடிகள் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டார்.

“எடுத்தாச்சு சாமி.” பென்டிரைவை நீட்டினார்.

“பூராவுமா?”

“பூராவும்.”

“அதுக்குள்ளயா?”

“பென்டிரைவ் புதுசு சாமி.”

“வேற எதுலயாவது போட்டுத் திறந்து பாத்தீரா?”

“எடுத்தாச்சுன்னு சொல்லுதேனே.”

“எடுத்தீரு, சரி. திறந்து பாத்தீரா?”

மருதவாணனுக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு தாலுகாவையே கட்டி மேய்த்த மனிதர்.

“ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படம் இருக்கு சாமி. கீழ பேரு இருக்கு. எண்ணிக்கூடப் பாத்துட்டேன். இதுக்கு மேல என்னத்தப் பாக்கணும்ங்கீங்க? விண்டோஸ் சி.டி.யக்கூட உள்ள போட்டு வச்சிட்டுத்தான் வந்திருக்கேன். ‘ம்’னு சொன்னீங்கன்னா அழிச்சிருவேன்.”

அடிகளின் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. அது அவருடைய மூக்கில் தெரிந்தது. பென்டிரைவை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

“ஓதுவார் கஞ்சி குடிக்கிற நேரமாச்சு. நானே எடுத்துத் தாரேன். அதக் கொண்டு கொடுத்துட்டு வாரும். பொறவு ‘ம்’ சொல்லுதேன்.”

ஓதுவாருக்கு இப்போதெல்லாம் கஞ்சி ஒன்றுதான் சாப்பாடு. அடிகள் உள்ளே போனவர் கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தார். தூக்குச் சட்டியை நன்றாக மூடி மருதவாணன் கையில் கொடுத்தார். மருதவாணன் முணுமுணுத்துக்கொண்டே விறுவிறுவென்று நடந்தார். தூக்கு லேசாக இருந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஓதுவார் கிண்ணத்தை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். மருதவாணன் மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு துண்டுச் சீட்டுதான் கிடந்தது.

‘கஞ்சி அடுப்படியில் இருக்கிறது.’

ஓதுவார் சீட்டைப் பார்த்தார். பிறகு மருதவாணனைப் பார்த்தார்.

மருதவாணன் முற்றத்தைத் தாண்டி வந்த சத்தம் மடம் முழுக்கக் கேட்டது.

“என்ன விளையாட்டு சாமி இது? வாய் தொறந்து கேக்க முடியாத மனுசன் பசியோட கிண்ணத்த ஏந்திக்கிட்டு உக்காந்திருக்காரு. நீங்க சீட்டு எழுதி அனுப்புதீங்க! கஞ்சி எங்க இருக்குன்னு எழுதிப் போட்டா அது கஞ்சியாயிருமா? வயிறு நெறையுமா?”

“நெறையாது.”

“பொறவு?”

அடிகள் நூலகத்து லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார். பென்டிரைவ் அதில் செருகியிருந்தது.

“ஒரு பாட்டப் போடும், கேப்போம்.”

மருதவாணன் ஒரு படத்தைத் தட்டினார். கோப்பைக் காணவில்லை என்றது. அடுத்ததைத் தட்டினார். அதையும் காணவில்லை. மூன்றாவதைத் தட்டப் போகும்போதுதான், எல்லாப் படங்களின் மூலையிலும் பொடிசாக ஓர் அம்புக்குறி இருப்பது கண்ணில் பட்டது. சட்டென்று பாட்டைப் போடுவதற்காக மடத்துக் கணினியின் முகப்பில் அவரே போட்டு வைத்த ஷார்ட்கட்டுகள் அவை. இன்ன பாட்டு அந்தக் கணினிக்குள் இன்ன இடத்தில் இருக்கிறது என்று காட்டும். அதற்கு மேல் அவற்றிடம் ஒன்றும் கிடையாது.

மருதவாணனின் முகம் வெளிறிப்போனது.

“சாமி... நான் அழிச்சிருந்தேன்னா...”

அடிகள் பென்டிரைவைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

மருதவாணன் ஓடினார். முதல் வேலையாக சி.டி.யை வெளியே எடுத்தார். பாட்டுகள் உண்மையில் இருந்த இடத்தைத் தேடிப் பிடித்து, ஒன்றே ஒன்றை மட்டும் பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்புக்கு ஓடிவந்து திறந்தார். ஓதுவாரின் குரல் முற்றத்தில் கணீரென்று எழுந்தது. மருதவாணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுபடியும் ஓடிப்போய் மற்ற எல்லாவற்றையும் நகலெடுக்க விட்டார். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. முடிய மதியத்துக்கு மேல் ஆகும் என்று காட்டியது. ஆகட்டும் என்று விட்டுவிட்டார். அந்தக் கணினி மேல் அவருக்கு எரிச்சல் வராத முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும்.

மூச்சு வாங்க அடிகளின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“தப்பிச்சோம் சாமி. ஓதுவாருக்கு எவ்வளவு பெரிய துரோகம் பண்ணப் பாத்தேன்!”

“ம்.”

“ஆனா காலையில நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியே. பொறுமை, இரக்கம்னு நீங்க சொன்னது அம்புட்டையும் எனக்குள்ள வச்சிருக்கேன். ஒண்ணுகூட வேண்டிய நேரத்துல உதவ மாட்டேங்குதே. ஏன் சாமி?”

அடிகள் அவருடைய இடது கையைப் பார்த்தார். காலித் தூக்கு இன்னும் மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. முற்றத்துக்கு அந்தப் பக்கம், அறை வாசலில், ஓதுவார் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

“கஞ்சி இன்னும் அடுப்படியிலதான் இருக்கு, வே.”