பச்சை பூசிய உலகம்

முன்னொரு காலத்தில், எந்த நாடு யாருக்கு என்று கப்பலேறி வந்தவர்கள் காகிதத்தில் வரைந்துகொண்டு திரிந்த நாளில், கடலோரத்தில் ஒரு சின்ன ராஜ்யம் இருந்தது. அதன் ராஜாவிடம் வெளிதேசத்துத் துரை ஒருவன் உலகப் படத்தைக் கொண்டுவந்து விரித்தான். சீனம் மஞ்சள், ருஷ்யா நீலம், துருக்கி சிவப்பு என்று தேசத்துக்கு ஒரு வர்ணம்.

“நம் ராஜ்யம் எங்கே?” என்றார் ராஜா.

துரை காட்டியது ஒரு பச்சைப் புள்ளி. எள்ளுகூட அதைவிடப் பெரிது. ராஜாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

துரையிடம் கைநிறைய வாங்கியிருந்த பிரதானி செவ்வந்திநாதர் வழி சொன்னார். கோட்டை கட்டக் கடற்கரையைக் கொடுத்தால், அடுத்த படத்தில் நம் ராஜ்யத்தைத் துரை உள்ளங்கை அகலத்துக்குத் தீட்டித் தருவாராம். கரையில் இருக்கும் முந்நூறு மீனவக் குடும்பங்கள் பௌர்ணமிக்குள் காலிசெய்ய வேண்டும். ராஜாவும் மகிழ்ந்து ஓலை எழுதச் சொல்லிவிட்டார்.

அரண்மனை விகடன் கூத்தபிரானுக்கு வயிறு எரிந்தது. தலைமுறை தலைமுறையாக அந்த மணலில் வலை காயப்போட்ட சனம், ஒரு மனிதர் படத்தில் பெருத்துத் தெரிவதற்காகப் பிள்ளைகுட்டியோடு எங்கே போகும்?

“மகாராஜா, இது அநியாயம்!” என்று சபையிலேயே கத்திவிட்டான்.

விகடன்மேல் வெகுநாளாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்த பிரதானி இதற்குத்தான் காத்திருந்தார். “அப்படியானால், பிரபு, ஒரு பிடி மண்ணும் கொடுக்காமல் நாளைக்குள் விகடரே படத்தில் ராஜ்யத்தைப் பெரிதாக்கட்டும். முடியாவிட்டால் மீனவர்களோடு அவரும் வெளியேறட்டும்.”

ராஜா தலையாட்டினார்.

மறுநாள் சபையில் கூத்தபிரான் படத்தை விரித்தான். சீனமும் இல்லை, ருஷ்யாவும் இல்லை. கடலைத் தவிர மீதி எல்லாம் பச்சை. சாயக்காரரிடம் வாங்கிப் பூசியது, ஈரம்கூடக் காயவில்லை.

“பெரிதாக்கிவிட்டேன், மகாராஜா. இந்தத் துரையின் தேசமும் இப்போது தங்களுடையது. அங்கே நமக்கொரு கோட்டை வேண்டும். பௌர்ணமிக்குள் அவருடைய சனத்தைக் காலிசெய்யச் சொல்லி உத்தரவிடுங்கள்.”

துரை துள்ளிக் குதித்தான். “என்ன பைத்தியக்காரத்தனம்! சாயத்தைப் பூசினால் என் தேசம் உங்களுடையதாகிவிடுமா?”

“கேட்டீர்களா, மகாராஜா?” என்று கோபத்தோடு ராஜா பக்கம் திரும்பினான் கூத்தபிரான். “இவர் தருவது சாயம், வாங்குவது மண். சாயத்துக்கு என்ன மதிப்பென்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார்.”

ராஜா படத்தைப் பார்த்தார், துரையின் முகத்தைப் பார்த்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துரையைக் கப்பலேறச் சொன்னார், பிரதானியைப் பதவியிலிருந்து இறக்கினார். தம் பட்டுச் சால்வையை விகடனுக்குப் போர்த்த வந்தார்.

கூத்தபிரான் ஓரடி பின்னால் போனான். “சால்வை அப்புறம், மகாராஜா. முதலில் அந்த ஓலையைக் கிழியுங்கள்.”

ராஜா தம் கையாலேயே கிழித்துப் போட்டார். அதற்குப் பிறகுதான் விகடன் சால்வைக்குத் தோளைக் காட்டினான்.