இரண்டு கைக்கும் நடுவில் ஒரு சாண்

"மூக்கு உடையுறது எனக்கு. விசில் அவனுக்கு. இது என்ன நியாயம் வாத்தியாரே?"

சோலைமலை இதைக் கேட்டபோது அவன் மூக்கில் பஞ்சு இருந்தது. பஞ்சு சிவந்திருந்தது. குஸ்தி வாத்தியார் லத்தீப் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் குஸ்திக்கு ஊர் எல்லை உண்டு. மதுரை ஒரு காண்ட்ராக்டருக்கு, சேலம் இன்னொருத்தருக்கு. மதுரையில் ஆட்டம் என்றால் மதுரை ஜோடி ஜெயிக்கும். சேலத்தில் சேலம் ஜோடி. எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது. சனங்களுக்குத் தெரியாது. தங்கள் ஆள் வெளியூரில் தோற்றால், அங்கே ஏமாற்றிவிட்டார்கள் என்று சத்தியம் பண்ணுவார்கள். அடி மட்டும் நிஜம்.

மதுரை ஜோடிக்கு வைகை இரட்டையர் என்று பெயர். மூத்தவன் சோலைமலை. இளையவன் சிங்கராயன். உண்மையில் இரட்டையரும் இல்லை, உறவும் இல்லை. முகஜாடைகூடக் கிடையாது.

ஜோடிக் குஸ்தியில் ஒருத்தன் உள்ளே சண்டை போடுவான். அவன் கூட்டாளி மேடை மூலையில், கயிற்றுக்கு வெளியே நிற்பான். அங்கே கம்பத்தில் ஒரு முழத்துக்குத் துண்டுக்கயிறு கட்டியிருக்கும். ஒரு கை அதை விடவே கூடாது. உள்ளே இருப்பவன் தவழ்ந்து வந்து கையை நீட்டுவான். இவன் மறுகையால் அந்தக் கையைத் தொட வேண்டும். தொட்டால்தான் உள்ளே வரலாம்.

உள்ளே அடி வாங்குவது எப்போதும் சோலைமலை. தவழ்ந்து வந்து தொடுவான். சிங்கராயன் பாய்ந்து போய் சேலத்துக்காரர்களைத் துவைத்து எடுப்பான். விசிலில் கொட்டகை கிழியும். அந்த நேரம் சோலைமலை குப்புறக் கிடப்பான். அவன் கண்ணுக்குத் தெரிவது மேடை விரிப்பின் தையல்தான்.

"சுவத்துல கரியால அவன் பேரத்தான் எழுதுறானுங்க. என் பேர எவன் எழுதுறான்?"

"போஸ்டர்ல ரெண்டு பேர் மூஞ்சியும் ஒரே அளவுலதானே இருக்கு?"

"அவன் மூஞ்சியப் பொம்பளப் புள்ளைக கிழிச்சு எடுத்துட்டுப் போகுதுக. என் மூஞ்சி சுவத்துலயே கிடக்குது. ஆடு திங்குது."

வாத்தியார் சிரித்துவிட்டார். சோலைமலை சிரிக்கவில்லை.

"சேலத்துச் செங்கோடன் என்னைக் கூப்பிடுறான். அவன் ஜோடி சின்னாண்டிக்கு முட்டி போச்சு, இந்த ஞாயித்துக்கிழமை ஆட்டத்தோட சரி. நான் போயிருவேன் வாத்தியாரே. எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. சனம் யாரைப் பாக்க வருது? அவனையா, என்னையா?"

வாத்தியார் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை நீ வெளியே நில்லு. சிங்கராயன் உள்ளே அடி வாங்கட்டும். அவன் கையை நீட்டுவான். தொடு. அப்புறம் வந்து கேளு."

"தொட்டா விசில் எனக்கா?"

"தொடு. அப்புறம் கேளு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொருட்காட்சித் திடலில் ஆட்டம். சோலைமலை புதுசாகச் சிவப்புப் பட்டில் நிஜார் தைத்துப் போட்டிருந்தான். மீசைக்கு எண்ணெய் தடவியிருந்தான். துண்டுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

ஒருத்தரும் அவனைப் பார்க்கவில்லை.

உள்ளே செங்கோடன் சிங்கராயனின் முதுகில் ஏறி உட்கார்ந்து கழுத்தை முறுக்கிக்கொண்டிருந்தான். சோலைமலை பெஞ்சு வரிசையைப் பார்த்தான். தன் ஆள் அடி வாங்கும்போது கூட்டம் எப்படி இருக்கும் என்று அவன் இதுவரை பார்த்ததே இல்லை. ஒரு போலீஸ்காரர் லத்தியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். ஒரு கண்டக்டர் டிக்கெட் கட்டைக் கடித்துக்கொண்டிருந்தான். முறுக்கு விற்கிற பொம்பளை கூடையைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

"எந்திரி ராசா! எந்திரிய்யா!"

சோலைமலைக்கு வயிறு எரிந்தது. விசிலும் அவனுக்கு, அழுகையும் அவனுக்கா? இத்தனை வருஷம் நான் விழுந்து கிடந்தேனே, எனக்காக எவள் அழுதாள்?

சிங்கராயன் நழுவினான். முழங்காலில் தவழ்ந்து மூலைக்கு வந்தான். கையை நீட்டினான். சோலைமலையும் நீட்டினான். இரண்டு கைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

"ஒரு சாண்தான்டா! இன்னும் ஒரு சாண்தான்!" என்று மொத்தத் திடலும் கத்தியது.

சோலைமலை கையை மடக்கிக்கொண்டான்.

பெரிய திட்டமெல்லாம் இல்லை. இன்னும் நாலு அடி வாங்கட்டும், அப்புறம் தொடலாம் என்று நினைத்தான். அவ்வளவுதான்.

செங்கோடனுக்கு ஒன்றும் புரியவில்லை. பேசி வைத்தபடி இந்நேரம் தொட்டிருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் சிங்கராயனின் காலைப் பிடித்து நடுமேடைக்கு இழுத்தான். மறுபடி மேலே ஏறி உட்கார்ந்து காதில் சொன்னான்.

"ஏப்பா, உன்ற ஆளைத் தொடச் சொல்லு. எனக்குத் தெரிஞ்ச அடியெல்லாம் அடிச்சுப் போட்டேன்."

"அண்ணனுக்குக் கயிறு சிக்கியிருக்கும். விடு, மறுபடி போறேன்."

விட்டான். சிங்கராயன் மறுபடி தவழ்ந்தான். இப்போது திடல் முழுக்கச் சோலைமலையைப் பார்த்தது. போலீஸ்காரர், கண்டக்டர், முறுக்குக்காரி, தகரக் கூரைமேல் ஏறியிருந்தவர்கள், எல்லாரும். சிங்கராயனை யாரும் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாகச் சோலைமலை கேட்டது இதைத்தான். அது அவனுக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், ரொம்பப் பிடித்திருந்தது.

"அண்ணே" என்றான் சிங்கராயன். உதடு கிழிந்திருந்தது. "அண்ணே, கை."

சோலைமலையின் கை இடுப்பிலேயே இருந்தது.

கூட்டம் பெஞ்சை உடைக்க ஆரம்பித்தது. செங்கோடன் பயந்துபோனான். ஏதாவது செய்து ஆட்டத்தை முடிக்க வேண்டும். பேசி வைக்காத ஒன்றைச் செய்தான். சிங்கராயனைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டான். சிங்கராயன் அதை எதிர்பார்க்கவில்லை. தோள்பட்டை முதலில் விழுந்தது. பச்சைக் குச்சியை ஒடித்த மாதிரி ஒரு சத்தம்.

ரெஃபரிக்கும் வேறு வழி தெரியவில்லை. மூன்று எண்ணி ஆட்டத்தை முடித்துவிட்டார்.

மதுரை மதுரையிலேயே தோற்றது.

ஜெயித்த சேலத்துக்காரர்கள்மேல் ஒரு செருப்புகூட விழவில்லை. எல்லாம் சோலைமலைமேல்தான் விழுந்தது. கையால் முகத்தை மறைத்துக்கொண்டு அவன் இறங்கி ஓடினான். முறுக்குக்காரி வழியை மறித்தாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தான். அவள் அடிக்கவில்லை.

"போன வாரம் உன் மூக்குல ரத்தத்தைப் பாத்துட்டு வீட்டுல சோறு எறங்கல எனக்கு. உனக்காகவா அழுதேன், பாவி?"

கொட்டகைக்குப் பின்னால் தட்டி மறைப்பில் சிங்கராயன் படுத்திருந்தான். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துத் தோளில் பத்துப் போட்டுக்கொண்டிருந்தார். செங்கோடன் அவன் காலடியில் நின்று கும்பிட்டான்.

"மன்னிச்சுக்கப்பா. தெரியாமத் தூக்கிப் போட்டேன்."

"பரவால்லண்ணே. நீ என்ன பண்ணுவ?"

செங்கோடன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். தட்டிக்கு வெளியே இருட்டில் நின்ற சோலைமலை அவனைப் பின்னாலேயே போய்ப் பிடித்தான்.

"நானும் வண்டியில வர்றேன். இனி எனக்கு இந்த ஊர்ல வேலையில்ல."

"வேண்டாமுங்க."

"நீதானேய்யா கூப்பிட்ட?"

"கூப்பிட்டனுங்க." செங்கோடன் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நாளைக்கு நானும் விழுந்து கெடப்பனுங்களே. யாரு பக்கம் கையை நீட்டறது?"

வண்டி போய்விட்டது.

சோலைமலை திரும்பி வந்தான். தட்டியோரமாக நின்றான். சிங்கராயன் வலியோடு தலையைத் திருப்பினான்.

"கயிறு சிக்கிக்கிச்சாண்ணே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சிங்கராயன் நம்பியிருப்பான். வாத்தியார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சோலைமலையின் வாயிலிருந்து அந்த ஆமாம் வரவில்லை. இல்லை என்றும் வரவில்லை.

சிங்கராயன் கண்ணை மூடிக்கொண்டான்.

வெளியே உடைந்த பெஞ்சுகளை யாரோ இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை சோலைமலை நின்றான்.

"வாத்தியாரே."

"ம்."

"அப்புறம் வந்து கேளுன்னு சொன்னீங்க."

"கேளு."

"சனம் யாரைப் பாக்க வந்துச்சு?"

"அதான் அன்னைக்கே சொன்னேனே."

"நீங்க ஒண்ணும் சொல்லலையே."

வாத்தியார் இன்னொரு முட்டையை எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினார்.

"தொடுன்னு சொன்னேன்."