உச்சியில் நிற்பவள் சொல்ல வேண்டிய சொல்

ஒரு விடுகதை போடுகிறேன். குழம்பு கொதித்து இறங்கியதும் அம்மா சொல்வாள். ஓட்டப்பந்தயக் கோட்டில் விசிலுக்கு முன்னால் வரும். பிறந்தது ஆங்கிலத்தில், தமிழ்நாட்டில் அதைச் சொல்லாத வீடில்லை. அது என்ன?

‘ரெடி.’ அதைச் சொல்வதா, வேண்டாமா என்று திருநெல்வேலிப் பள்ளி மைதானம் ஒன்றில் அல்லி தவித்துக்கொண்டிருந்தாள்.

பிரமிடுப் போட்டி. கீழே மூன்று பேர் குந்தியிருந்தார்கள். அவர்கள் தோள்மேல் கோமு, சஃபியா என்று இரண்டு பேர். உச்சியில் ஆறாம் வகுப்பு அல்லி. அவள் ‘ரெடி’ என்றால்தான் கீழ்வரிசை எழும். குனிந்திருப்பவர்களுக்கு மேலே நடப்பது தெரியாது. ஆனால் யார் ஆடினாலும் உச்சியில் நிற்பவளின் பாதத்துக்குத் தெரிந்துவிடும். அதனால் ஜெபா மிஸ் பயிற்சியில் ஒரு விதி வைத்திருந்தார்: “நானே கத்தினாலும் உன் கால் சொல்றதத்தான் கேக்கணும்.”

ஜெயிக்கிற அணிக்குச் சென்னைப் பயணம். சஃபியாவுக்குப் பள்ளியில் இதுதான் கடைசி ஆண்டு.

அல்லியின் வலது கால் கோமுவின் தோளில் கல்போல் நின்றது. இடது கால் சஃபியாவின் தோளில். அந்தத் தோள் நடுங்கியது.

“நாங்க ரெடி!” கீழ்வரிசையிலிருந்து பெனிட்டா கத்தினாள்.

கூட்டத்தில் ஒருத்தி, “ஏட்டி, மேல போய்த் தூங்கிட்டியா?” என்றாள். சிரிப்பு எழுந்தது. நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“எல்லாரும் ரெடிதான். சொல்லு அல்லி!” ஜெபா மிஸ்ஸே கத்தினார்.

அல்லி குனிந்தாள். “அக்கா, உங்க தோளு…”

“எனக்கு ஒண்ணுமில்லட்டி. நான் ரெடி. சொல்லு, கெடுத்துராத.” சஃபியாவின் நடுக்கம் இப்போது அல்லியின் முழங்கால்வரை ஏறியது.

சொன்னால் கீழ்வரிசை அந்த நொடியே எழும்; சஃபியாவின் தோள் சரிந்தால் எல்லாரும் விழுவார்கள். சொல்லாவிட்டால் சென்னை போயிற்று. சஃபியா அக்கா இனி முகம் பார்ப்பாளோ, மாட்டாளோ.

மூன்று பேர் ‘ரெடி’ என்றார்கள். இதில் யார் சொன்னது சரி? அல்லி என்ன செய்ய வேண்டும்?

இந்த ஆங்கிலச் சொல்லின் பழைய வேர், குதிரையேறிப் போவதைக் குறிக்கும் சொல்லுக்கு உறவு என்பார்கள். புறப்பாட்டுக்கு எல்லாம் பூட்டி முடித்த நிலை அது. சேணத்தைத் தொட்டுப் பார்த்தவர்தான் அதைச் சொல்லலாம். போகும் ஆசை மட்டும் போதாது. பெனிட்டா தன் வரிசைக்குச் சொன்னது உண்மை. மற்ற இருவர் வாயிலும் வந்தது சென்னை. தொட்டுக்கொண்டு நின்றவள் அல்லி ஒருத்திதான்.

அவள் ‘ரெடி’ சொல்லவில்லை. “இறங்குதேன்” என்றாள். இறங்கினாள்.